ஓடப் போன இடத்தில் உடம்பைப் பற்றிக் கேட்ட பேச்சு

பெசன்ட்நகர்_ஞாயிறு
ஜனவரி மாரத்தானுக்கு முந்தைய கடைசி நீள ஓட்டம், 32 கி.மீ. முடித்துவிட்டு இளநீர்க் கடையில் நிற்கிறேன். ஒன்பது மாதமாக அவரிடம்தான் குடிக்கிறேன். சீவிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "இன்னும் எதுக்கும்மா ஓடுற? முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. மாப்பிள்ளை வீட்டுல என்னத்தப் பார்ப்பாங்க?" பக்கத்தில் எங்கள் குழு ஆண்கள் நாலு பேர். ஒருவர் சிரித்தார். மற்ற மூவரும் ரொம்ப அக்கறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். இளநீர்க்காரர் சொன்னதுகூட மறந்துவிடும் போல. அந்த மூன்று கடிகாரம்தான் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

ரேஸ்கோர்ஸ்_ஆறுசுற்று
உங்களுக்கு இல்லை என்று குறை, எனக்கு இருக்கிறது என்று குறை. நான் 84 கிலோ. கோவை ரேஸ்கோர்ஸில் எதிர்ப்பக்கமாக நடந்து வரும் அக்கா ஒருவர், எதிர்ப்படும்போதெல்லாம் ஒரு வரி சொல்லிவிட்டுப் போவார். முதலில் "வந்துட்டியா கண்ணு". அடுத்து "இத்தன ஓடியும் குறையலையே". அதற்கடுத்து "தைராய்டு பாத்தியா". நிற்க முடியாது, நின்றால் மூச்சு போய்விடும், அதனால் பதிலும் கிடையாது. 10 கி.மீ.யை முதல்முறை 70 நிமிடத்துக்குள் முடித்த அன்று அவரிடம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. "அப்ப இனிமே குறைஞ்சுரும் கண்ணு" என்றார்.

மூட்டு_முக்கியம்
என் மனைவியிடமும் ஒருவர் ஏதோ சொல்லிவிட்டார், அதோடு ஓடுவதையே விட்டுவிட்டாள். சகோதரிகளுக்குச் சில விஷயங்கள். தளர்வான டீஷர்ட் போடுங்கள். நாலரை மணிக்கே ஆரம்பித்துவிட்டால் ஆள் நடமாட்டம் இருக்காது. தனியாகப் போகாதீர்கள். யாராவது பேசினால் பதில் சொல்லாதீர்கள், பேசினால்தான் வளரும். காலையில் ராகிக் கூழ், ஓட்டத்துக்குப் பிறகு இரண்டு முட்டை. வாரம் இரண்டு நாள் ஸ்குவாட்ஸ், இல்லையென்றால் மூட்டு தேயும். பெண்களுக்கு இடுப்பு அகலம் என்பதால் முட்டியில் அழுத்தம் அதிகம். அளவாக ஓடினால் போதும், 10 கி.மீ. தாராளம். கர்ப்பப்பை விஷயமும் இருக்கிறது, பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

800மீ_பைத்தியம்
@மூட்டு_முக்கியம் அண்ணா, கர்ப்பப்பை அதன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் சிலர் களைத்துப்போய் உட்கார்ந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்க, அந்தப் பந்தயத்தையே தூக்கிவிட்டார்கள். 1960 ரோமில்தான் திரும்ப வந்தது. ஒலிம்பிக் மாரத்தானுக்கு 1984 வரை காத்திருந்தோம். அந்த முதல் பந்தயத்தை ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடி முடித்தார். அப்புறம் நாலரை மணி: ஆள் இருக்காதுதான், நாய் இருக்கும். ஆள் இல்லாத ரோடு எங்களுக்கு நல்லது என்று யார் சொன்னது?
என் கதை எழுத வந்தேன், கோபத்தில் விட்டுப்போனது. சின்னக் கதைதான். பள்ளியில் பி.டி. சார் என்னை "டேய்" என்றுதான் கூப்பிடுவார். ஓடும்போது மட்டும். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் நம்மூர் 800 மீட்டர் ஓட்டக்காரர் சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பாலினச் சோதனையைச் சொல்லி வெள்ளிப் பதக்கத்தைப் பறித்தார்களே, அந்தச் செய்தி வந்த மறுநாள் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

மூட்டு_முக்கியம்
நல்லதுக்குத்தான் சொன்னேன். ஸ்குவாட்ஸ் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிடித்துத்_தைத்த_பிளவுஸ்
எனக்குக் கிடைத்ததெல்லாம் பாராட்டு. அரை மாரத்தான் பயிற்சியில் ஏழு கிலோ இறங்கினேன். "இப்பதான் ரன்னர் மாதிரி இருக்க" என்றார் பயிற்சியாளர். அந்த ஒரு வரிக்காக ராத்திரி சாப்பாட்டையே நிறுத்தினேன். மாதவிலக்கு நாலு மாதம் வரவில்லை, அதையும் சௌகரியமாகத்தான் எடுத்துக்கொண்டேன். தங்கை கல்யாணத்துக்குப் பிளவுஸ் பிடிக்கக் கொடுத்தேன். டெய்லர் அக்கா பழைய அளவு ஜாக்கெட்டை என்மேல் வைத்து, பக்கவாட்டில் ஒரு கைப்பிடித் துணியைச் சேர்த்துப் பிடித்தார். வாயில் குண்டூசி. அதை எடுத்துவிட்டு மெதுவாக, "வீட்ல சோறு போடறாங்களா?" என்றார். இந்தத் தலைப்பில் சேர்க்க வேண்டிய பேச்சுதான், ஆனால் அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டரிடம் போனது அதற்குப் பிறகுதான். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிலக்கைத்தான், அப்புறம் எலும்பில் கைவைக்கும் என்றார். தாடையெலும்பு தெரியும் என் படத்துக்கு இன்றைக்கும் லைக் வருகிறது.

ரேஸ்கோர்ஸ்_ஆறுசுற்று
@பெசன்ட்நகர்_ஞாயிறு அந்தக் கடைக்கு இப்போதும் போகிறீர்களா?

பெசன்ட்நகர்_ஞாயிறு
போகிறேன். வழுக்கை அவரிடம்தான் நன்றாக இருக்கும். குழுவைத்தான் மாற்றிவிட்டேன்.