சக ஆதரவுக் குழு தொடங்குகிறோம்: முதல் கூட்டத்துக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

செம்பருத்தி_தஞ்சை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மனச்சிதைவு, பைபோலார் (இருமுனை மனநிலைக் கோளாறு) என்று வருடக்கணக்கில் மருந்து எடுத்துவரும் 9 பேர் மாதம் இருமுறை கூடிப் பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது. டாக்டரோ கவுன்சிலரோ நடத்தும் கூட்டம் இல்லை, நோயோடு வாழ்பவர்களே நடத்துவது. நூலக மாடியில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. எவ்வளவு நேரம் வைக்கலாம்? வீட்டில் உள்ளவர்களை உள்ளே உட்கார வைக்கலாமா? மருந்துப் பேச்சு வந்தால் தடுப்பதா, விடுவதா? இப்படிக் குழு நடத்திப் பழகியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை:

9 பேர் நல்ல எண்ணிக்கை. 12-ஐத் தாண்டினால் கடைசி ஆளுக்கு முறை வருவதற்குள் எல்லோரும் களைத்துவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் போதும், நடுவில் 10 நிமிடம் இடைவேளை. காலை 9, 10 மணிக்கு வைக்காதீர்கள். இரவு மாத்திரையின் அசதி பலருக்கு அப்போது தெளிந்திருக்காது. வராதவரை அக்கறை இல்லாதவர் என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்கள். சாயங்காலம் 4 மணி சரியாக வரும்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். கதவுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி காலியாக இருக்கட்டும். மனச்சிதைவுக்கான சில மருந்துகளால் கால் ஓரிடத்தில் நிற்காது, உட்காரவே முடியாத தவிப்பு வரும். அப்படி எழுந்து வராந்தாவில் நடந்துவிட்டு வருபவரை "உட்காருங்க" என்று யாரும் சொல்லக்கூடாது. டீ கொடுத்தால் டம்ளரில் பாதிதான் ஊற்ற வேண்டும். பைபோலாருக்கு லித்தியம் மாத்திரை எடுப்பவர்களில் பலருக்குக் கை நடுங்கும். விளிம்பு வரை நிறைந்த டம்ளரை வாங்கக் கூசி "டீ வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஓரமாய் உட்கார்ந்திருப்பார்கள். பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் வையுங்கள். இந்த மருந்துகள் பலவற்றில் எடையும் சர்க்கரையும் ஏறும்.

நடத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேச்சை நகர்த்துவார், மற்றவர் யார் முகம் மாறுகிறது, யார் எழுந்து போனார் என்று பார்த்துக்கொள்வார். முதல் சுற்றில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் ஒன்பது பேரும் "நல்லா இருக்கேன்" என்பார்கள். "இந்த வாரம் தூக்கம் எப்படி? எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், நிஜம் வெளியே வரும். ஆளுக்கு 4 நிமிடம். அதன்பின் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் பேசலாம். கல்யாண வீட்டில் "இப்ப என்ன வேலை பாக்குற?" என்று கேட்கும் உறவினருக்கு என்ன பதில் சொல்வது என்ற ஒன்றுக்கே ஒரு கூட்டம் தேவைப்படும். "நீங்க இப்படிச் செய்யணும்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். "எனக்கு இது உதவியது" என்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் உள்ளே வேண்டாம். அம்மா பக்கத்தில் இருந்தால் மகன் வாயைத் திறக்கமாட்டார், அம்மாவே அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். அவர்கள் பாடும் பெரிய பாடுதான், ஆறுதல் அவர்களுக்கும் வேண்டும். வேறு ஒரு நாளில் தனிக் கூட்டமாக வையுங்கள்.

மாத்திரைப்பெட்டி:

மருந்துப் பேச்சைத் தடை செய்தால் அது டீக்கடையில் நடக்கும். பேசட்டும், ஆனால் யாரையும் மருந்தை நிறுத்தச் சொல்லக்கூடாது, அளவை மாற்றச் சொல்லக்கூடாது, மாத்திரையைக் கைமாற்றவே கூடாது. இந்த மூன்றையும் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

லித்தியம் எடுப்பவர்கள் இருந்தால் நடத்துபவருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். சித்திரை வெயில், வயிற்றுப்போக்கு, தண்ணீர் குடிக்காத விரதம் எல்லாமே ஆபத்து. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபனும் அதை ஏற்றும். நடுக்கம் திடீரென்று அதிகமாகி, வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல் என்று வந்தால் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை. அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால் அளவு கூடுதலாகக் காட்டும்.

மனச்சிதைவுக்கு க்ளோசபின் என்ற மருந்தை எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நாள்பட்ட மலச்சிக்கலையும் லேசாக விடாதீர்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: புகைப்பவர் சட்டென்று சிகரெட்டை நிறுத்தினால் ரத்தத்தில் க்ளோசபின் அளவு கூடும். குழுவில் எல்லோரும் கைதட்டிப் பாராட்டுவார்கள், பாராட்டட்டும். அதோடு டாக்டரிடமும் சொல்லச் சொல்லுங்கள், மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

செம்பருத்தி_தஞ்சை:

டம்ளர் விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, நன்றி. சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால்? குரல் கேட்கிறது என்றால்?

மழைக்காகிதம்:

சுற்றி வளைக்காமல் "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்க ஆள் கிடைத்ததே என்றுதான் இருக்கும். ஆமாம் என்றால் எப்படி, எப்போது என்று யோசித்தது உண்டா, அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா என்று அடுத்து கேளுங்கள். நம் பக்கத்தில் பூச்சிமருந்தும் சேர்த்துவைத்த மாத்திரையும்தான் பெரிய அபாயம். திட்டம் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. இரண்டாவது நடத்துனர் வெளியே அழைத்துப்போய்க் கூட உட்காரட்டும். அவரே கொடுத்துவைத்த எண்ணுக்குப் பேசி ஆளை வரவழைத்து, அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். வண்டிக்கு 108. பேசி வழி கேட்க அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

இதற்காகத்தான் முதல் கூட்டத்திலேயே ஆளுக்கொரு அட்டை. யாரைக் கூப்பிடுவது, எந்த மருத்துவமனை, என்ன மருந்து, நோய் திரும்புகிறது என்பதற்கு அவரவர் அடையாளம் என்ன. "மூணு ராத்திரி நாலு மணி நேரத்துக்கும் கீழே தூக்கம்", "போனை அணைத்து வைத்துவிடுவேன்" என்பது போல அவர் வார்த்தையிலேயே இருக்கட்டும். இங்கே பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லுவோம் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் நம்பிக்கை உடைந்ததுதான்.

குரல் கேட்பவரிடம் அது நிஜமா பொய்யா என்று வாதாடாதீர்கள். எப்போது அதிகமாகிறது, அப்போது என்ன செய்தால் தணிகிறது என்று கேளுங்கள். ஒரு காதில் மட்டும் பாட்டு கேட்பது, மெல்ல முணுமுணுத்துப் பாடுவது, செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பது என்று ஆளுக்கொரு வழி வைத்திருப்பார்கள். 1987-இல் நெதர்லாந்தில் மரியஸ் ரோம், சாண்ட்ரா எஷர் தொடங்கிய குரல் கேட்போர் குழுக்களும் இப்படிப் பேசித்தான் வளர்ந்தன.

ஒரு கூட்டத்தை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்கு ஒதுக்குங்கள். முடிவெடுக்க முடியாத நாளில் தனக்காகப் பேச யாரை நியமிக்கிறோம் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரலாம். சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, 18 வயது நிறைந்த நண்பரும் சம்மதித்தால் ஆகலாம். பிறகு மாற்றிக்கொள்ளவும் உரிமை உண்டு.

வைகைக்கரை:

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. குழுவுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். 500 ரூபாய் வாங்கியவர் கூச்சத்தில் வராமலே போய்விடுவார். வாட்ஸ்அப் குழு இடம், நேரம் சொல்ல மட்டும். நள்ளிரவு 2 மணிக்கு ஒருவர் "முடியல" என்று போட, காலை வரை யாரும் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்த நேரத்துக்கு 14416-தான் என்று குழுவின் விவரப் பகுதியிலேயே எழுதிவையுங்கள்.

நடத்துபவருக்கும் அதே நோய்தான். அவருடைய அட்டை மற்ற நடத்துனரிடம் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒருவரை இரண்டாம் கூட்டத்திலிருந்தே பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குங்கள்.