அலமாரிக்குள் எல்இடி: கடைசி அறை மட்டும் மங்கல்

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். அம்மாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது, புடவை தேடச் சிரமப்படுகிறார். அதனால் சுவர் அலமாரிக்குள் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினேன். மூன்று அறை, அறைக்கு ஒன்றரை மீட்டர், மீட்டருக்கு 4.8 வாட். மொத்தம் 22 வாட்டுக்குள்தான். அடாப்டர் 3 ஆம்பியர், அது தாராளம். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லிய ஒயரில் இழுத்ததில், கடைசி அறையில் 10.6 வோல்ட்தான் காட்டுகிறது.

அடாப்டரிலிருந்து அறைக்கு ஒன்றாகத் தனி ஒயர் இழுக்கப் போகிறேன். 0.75 சதுர மில்லிமீட்டர் போதுமா?

அப்புறம், அடாப்டரைப் பரணில் மூடி வைக்கலாமா? நம்ம ஊர் கத்திரி வெயிலில் பரண் எப்படிக் கொதிக்கும் என்று தெரியும். பக்கத்திலேயே பட்டுப்புடவைகள், அதுதான் பயம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.