துப்பாக்கி ட்ரிக்கர வீட்லயே மாத்தினவங்க, மாத்தினத பக்கத்துல இருந்து பாத்தவங்க, நடந்தத எழுதுங்க

அண்ணாநகர் 25மீ:
25 மீட்டர் ஸ்டாண்டர்ட் பிஸ்டல் போட்டி சுடுறவங்களுக்கு ரூல் தெரியும், ட்ரிக்கர் 1000 கிராமுக்குக் கீழ இழுபடக்கூடாது, அதனால நேரா விஷயத்துக்கு வரேன். எங்க க்ளப் பையன் ஒருத்தன், .22 செமி ஆட்டோ, அன்னைக்கு மேட்ச்ல அவன் வாழ்க்கையிலேயே சுடாத மாதிரி சுட்டான். முடிஞ்சதும் ரேண்டம் செக்குக்கு பேர் வந்துச்சு. 1000 கிராம் எடைக்கல்லு. பேரல மேல பாக்க நிமித்தி, ட்ரிக்கர் நடுவுல கல்ல மாட்டி, மேஜைல இருந்து மெதுவா தூக்குறாங்க. கல்லு முழுசா கெளம்பணும், ஹாமர், அதாவது ட்ரிக்கர் விட்டதும் விழுந்து அடிக்கிற பாகம், விழக்கூடாது. கல்லு மேஜைய விட்டு அசையுறதுக்கு முன்னாடியே டக்குனு விழுந்துருச்சு. மூணு தடவதான் தூக்கிப் பாக்கலாம், மூணும் டக், டக், டக். டிஸ்குவாலிஃபை.

முந்தின நாள் ராத்திரி அவங்கப்பா வீட்ல ஒக்காந்து வெளிநாட்டுல இருந்து வந்த ட்ரிக்கர் செட்ட மாட்டியிருக்காரு, பையனுக்கு கொஞ்சம் லைட்டா இருக்கட்டும்னு பாசத்துலதான் செஞ்சிருக்காரு. மூணாவது டக் கேட்டப்ப பையன் அப்பாவ திரும்பிப் பாக்கவே இல்ல, கல்லையே பாத்துட்டு நின்னான். இது என் மனச விட்டுப் போகல. உங்களுக்கு இது மாதிரி ஏதாவது இருந்தா எழுதுங்க.

மயிலாப்பூர் வாசு:
இது மேட்ச் விஷயம் இல்ல, லைசென்ஸ் கன் விஷயம். எங்க குடும்ப நண்பர் ஒருத்தர், நகை வியாபாரம், .32 பிஸ்டல் வச்சிருக்காரு. எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும் இல்லையா, அப்படி ஒப்படைச்சு திரும்பி வந்த பிறகு ட்ரிக்கர் கல்லு மாதிரி இழுக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரு. தெரிஞ்ச லேத் பட்டறைக்காரர் ஒருத்தர் வீட்டுக்கே வந்து ட்ரிக்கர் பீஸ மாத்தி, ஹாமர பிடிச்சு நிறுத்துற சியரையும் தேச்சு குடுத்துட்டுப் போயிட்டாரு. நாங்க போன அன்னைக்கு ஹால்ல வச்சு காட்டுறாரு, பாருங்க எவ்ளோ ஸ்மூத்துன்னு. காலியாதான் இருந்துச்சு, நானும் பாத்தேன். பிஸ்டல் மேல நகர்ற ஸ்லைட பின்னாடி இழுத்து விட்டாரு, ஸ்லைடு முன்னாடி போய் ஒக்காந்த அந்த செகண்ட்ல ஹாமரும் கூடவே விழுந்துச்சு. விரல் ட்ரிக்கர்லயே இல்ல சார். வெளியதான் நீட்டி வச்சிருந்தாரு, நான் அத கண்ணால பாத்தேன்.

ரூம்ல யாரும் பேசல. அவர் மருமக அப்பதான் காபி டம்ளரோட அவருக்கு எதிர்ல நின்னுட்டு இருந்தாங்க. மறுநாளே லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்கிட்ட, துப்பாக்கி ரிப்பேர் பாக்குறவர்கிட்ட, கொண்டு போனாரு, ஹாமர் நாட்ச்ல சியர் பிடிக்கிற இடமே தேய்ஞ்சு போச்சு, ரெண்டையும் மாத்தணும்னு சொல்லிட்டாங்க.

வேளச்சேரி ரிட்டர்ன்:
நான் ஹூஸ்டன்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு இப்ப வேளச்சேரிக்கே வந்துட்டேன். அங்க இது சர்வ சாதாரணம், சீரியல் நம்பர் இருக்குற ப்ரேம் மட்டும்தான் சட்டப்படி துப்பாக்கி, ட்ரிக்கர் எல்லாம் கூரியர்ல வீட்டுக்கே வரும். என் மச்சான் கராஜ்ல ஜென் 3 க்ளாக் 19 பிஸ்டலுக்கு ட்ரிக்கர் மாத்தினாரு. க்ளாக்க பிரிச்சவங்களுக்குத் தெரியும், ஸ்லைட கழட்டணும்னா முதல்ல ட்ரிக்கர அழுத்தியாகணும், வேற வழி இல்ல. பேசிட்டே இருந்தவரு மேகசின உருவி மேஜைல வச்சாரு, க்ளிக்னு அழுத்தினாரு, ஸ்லைட கழட்டினாரு. ஒண்ணும் ஆகல. ஆனா அவரு சேம்பர, பேரலுக்குப் பின்னாடி தோட்டா ஒக்கார்ற இடத்த, பாத்தாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு உறுதியா தெரியல, கேக்கவும் முடியல, மேகசின்ல ரவுண்டு, அதான் தோட்டா, பளபளன்னு தெரிஞ்சது மட்டும் அப்படியே நிக்குது. கராஜ் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பசங்க ரூம்.

ட்ரிக்கர் மாத்தினது ஒண்ணும் கஷ்டமா இல்ல. ஸ்ப்ரிங் மட்டும் எஸ் வடிவத்துல ஒக்காரணும், அவரு திருப்பி மாட்டிட்டாரு, ட்ரிக்கர் முன்னாடி திரும்பி வரல, திரும்ப கழட்டி மாட்டினாரு. புத்தகத்துல இருக்குறபடி செஞ்சா வீட்லயே செய்யலாம்ங்கிறதுதான் என் கருத்து, எல்லாத்துக்கும் பயப்படத் தேவையில்ல.

பெரம்பூர் லைசென்ஸி:
வேளச்சேரி ப்ரோ, ஹூஸ்டன் ஹூஸ்டன்தான், இங்க படிக்கிறவன் உங்க கடைசி லைன மட்டும் எடுத்துட்டுப் போவான், அதனால சொல்லியே ஆகணும். 1959 ஆர்ம்ஸ் ஆக்ட்ல "ஆயுதம்"ங்கிற விளக்கத்துக்குள்ளயே அதோட பாகங்களும் வருது. ட்ரிக்கர் செட்டும் பாகம்தான். வெளிநாட்டுல இருந்து தருவிச்சா அது இறக்குமதி, அதுக்குத் தனியா லைசென்ஸ். செக்‌ஷன் 5ஐ எடுத்துப் படிங்க, தயாரிக்கிறது விக்கிறது மட்டும் இல்ல, ரிப்பேர், டெஸ்ட் பண்றதுக்கும் லைசென்ஸ் வேணும்னு இருக்கு. மயிலாப்பூர் சார் சொன்ன லேத்காரர் செஞ்சது அதுக்குள்ள வந்துரும், அவருக்கே அது தெரிஞ்சிருக்காது பாவம்.

என் அனுபவம் சின்னது. தெரிஞ்சவர் ஒருத்தருக்கு அவர் பையன் பாசமா ஒரு ஸ்போர்ட் பிஸ்டல் ட்ரிக்கர பார்சல்ல அனுப்பினான், கஸ்டம்ஸ்ல நின்னுருச்சு. 70 வயசுக்காரர், மாத்திரை டப்பாவ சட்டைப் பையில வச்சுட்டு மீனம்பாக்கத்துக்கு அலைஞ்சாரு, நான்தான் வண்டில கூட்டிட்டுப் போனேன். "பொம்மை ஸ்ப்ரிங் மாதிரிதானே இருக்கு"ன்னு ஆபீசர்கிட்ட அவர் சொன்னப்ப அந்த ஆபீசர் கோவமே படல, உக்கார வச்சு தண்ணி குடுத்து பொறுமையா விளக்கினாரு. அந்த முகம் எனக்கு மறக்கல.

வீட்ல இருக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். துடைக்கிறது, எண்ணெய் போடறது உங்க வேலை, அத ஒழுங்கா செய்யுங்க. ட்ரிக்கர் கனமா இருக்குன்னா அழுக்கும் காஞ்ச எண்ணெயும்கூட காரணமா இருக்கலாம், நம்ம ஊரு உப்புக் காத்துக்கு கடலோரம் இருக்குற வீடுன்னா கேக்கவே வேணாம், பீரோல தோல் உறைக்குள்ள போட்டு மாசக்கணக்கா வச்சா துரு பிடிக்கும். உறைல இருந்து எடுத்து வைங்க, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பாக்கெட் போடுங்க, மழைக்காலத்துல அடிக்கடி எடுத்துப் பாருங்க. அதுக்கு அப்பறமும் கனமா இருந்தா லைசென்ஸ் உள்ள கடைக்கு எடுத்துட்டுப் போங்க, பில்லு வாங்கி வைங்க, எந்த பாகம் மாத்தினாங்கன்னு அதுல எழுதச் சொல்லுங்க.

ஆவடி ஓய்வு ஆர்மரர்:
பெரம்பூர் தம்பி சொன்ன சட்டம் சரி. வேளச்சேரி தம்பி, மச்சான் சேம்பர பாத்தாரான்னு தெரியலன்னு நீங்களே எழுதிட்டு, அடுத்த பேராவுல வீட்லயே செய்யலாம்னு எழுதுறீங்க, இத என்னால ஏத்துக்க முடியல.

நான் சர்வீஸ்ல பாத்தது நம்ம 9எம்எம் 1ஏ பிஸ்டல், ஈஷாப்பூர்ல செஞ்சது, பிரவுனிங் ஹை பவர் வம்சம். அதுல மேகசின எடுத்துட்டா ட்ரிக்கர் வேலை செய்யாது, அதுக்குன்னு உள்ள ஒரு சின்ன லீவர் இருக்கும், மேகசின் முகத்துல ஒரசிட்டே இருக்கும், அதனாலதான் ட்ரிக்கர் சொரசொரன்னு இருக்கும். வெளிநாட்டுல வீட்ல ட்ரிக்கர் வேலை பாக்குறவங்க முதல்ல கழட்டி எறியறது அதத்தான். ஒரு நாள் வொர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு பிஸ்டல்ல அந்த லீவர் இல்ல. எவன் எடுத்தான், எப்ப எடுத்தான், தெரியாது. என்கிட்ட வேலை கத்துக்கிட்டு இருந்த பையன் "மேகசின் வெளிய இருக்கு சார், சுடாது"ன்னு சொல்லிட்டே மேஜை மேல வச்சு அழுத்தினான். கூடவே மணல் வாளி பக்கம் கன்ன திருப்பச் சொல்லி பழக்கியிருந்தேன், திருப்பிதான் அழுத்தினான். சேம்பர் காலி. ஆனா ஹாமர் விழுந்துச்சு, விழக்கூடாத ஹாமர். பையன் முகம் வெளுத்துருச்சு. ஒருத்தன் ட்ரிக்கர மாத்தினா அடுத்து அந்தக் கன்ன எடுக்குறவனுக்கு அது தெரியாது, அவன் பழைய கன்ன நம்பிதான் விரல வைப்பான்.

கன்ன கையில எடுக்குற எல்லாருக்கும்: மேகசின முதல்ல எடு, அப்பறம் ஸ்லைட இழுத்துப் பூட்டு, சேம்பர கண்ணால பாரு, சுண்டு விரல விட்டும் தொட்டுப் பாரு. வரிசை மாறக்கூடாது, மேகசின உள்ள வச்சுட்டு ஸ்லைட இழுத்தா ஒரு ரவுண்டு வெளிய வரும், விட்டா அடுத்தது உள்ள போயிரும். ரவுண்டு இன்னொரு ரூம்ல, அந்த ரூம் கதவு சாத்தியிருக்கணும். சியர்ல உப்புத்தாள் போடறவங்களே, பல மாடல்ல மேல இருக்குற மெல்லிசான பகுதி மட்டும்தான் கெட்டிப்படுத்தினது, அது போயிட்டா அடியில இருக்குற இரும்பு மெது, அன்னைக்கு ஸ்மூத்தா இருக்கும், கொஞ்ச நாள்ல தானா விழ ஆரம்பிக்கும். கன்ஸ்மித் மாத்திக் குடுத்தாலும் ரேஞ்சுல முதல்ல ஒரு ரவுண்டு போட்டு சுடு, அப்பறம் ரெண்டு, ரெண்டும் ஒண்ணா வெடிக்குதான்னு பாரு, அப்பறம்தான் முழு மேகசின்.

ஏர்பிஸ்டல் அம்மா:
ஆர்மரர் ஐயா, நீங்க சொன்னது எல்லாம் பெரிய கன்னுக்கு. பசங்க ஏர் பிஸ்டல்ல விரல் படுற ட்ரிக்கர் ஷூவோட சாய்வு, லேசா இழுபடுற ஃபர்ஸ்ட் ஸ்டேஜோட நீளம் எல்லாம் ஸ்க்ரூல மாத்தத்தான் கம்பெனியே வச்சிருக்கான், அது தப்பு இல்ல. ஆனா யார் மாத்துறாங்கங்கிறது இருக்கு. என் பொண்ணு ஸ்கூல் போயிருந்தப்ப அவங்கப்பா ஒரு வீடியோவ பாத்து, சுடுறதுக்கு முன்னாடி விரல்ல கனமா தெரியுற செகண்ட் ஸ்டேஜ குறைச்சு வச்சிருக்காரு, அவகிட்ட சொல்லல. மறுநாள் ரேஞ்சுல கை இன்னும் இறங்கிட்டே இருக்கு, டார்கெட்டுக்கு மேலயே பெல்லட் போயிருச்சு. பிஸ்டல பெஞ்ச்ல வச்சுட்டு ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டா. கோச் வந்து எல்லார் முன்னாடியும் "யார் தொட்டது?"ன்னு கேட்டாரு. இவ "நான்தான் சார்"ன்னா. அப்பாவ விட்டுக்குடுக்கல. எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு, இப்ப எழுதும்போதும் வருது.

அண்ணாநகர் 25மீ:
மேடம், பொண்ணு பெரிய மனசுக்காரி, எங்க பையன் கதையும் கிட்டத்தட்ட அதேதான். ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், .22க்கு 1000, ரெண்டு கல்லும் எங்க க்ளப்ல இருக்கு, முனை கத்தி மாதிரி இருக்குற சரியான கல்லு, உருளை வச்ச கல்லு செல்லாது. ஸ்க்ரூவ யார் தொட்டாலும் மேட்சுக்கு முன்னாடி தூக்கிப் பாத்துருங்க, ஏர் பிஸ்டல்ல கேஸ் சார்ஜோட, சுடும்போது இருக்குற மாதிரியே தூக்கணும். ஞாயித்துக்கிழமை காலைல ஆவடி பக்கம் ரேஞ்சுக்கு வர்றவங்க கொண்டு வாங்க, நான் அங்கதான் இருப்பேன்.