அப்பத்தாவின் வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது, ஓட்டுப் போட முடியுமா?

மானாமதுரைக்காரன்:
அப்பத்தாவுக்கு வயது 86. வீடு மாறியதில் வாக்காளர் அட்டை எங்கோ போய்விட்டது. ரேஷன் கார்டும் பூத் சிலிப்பும் இருக்கின்றன. ஆதார் இருக்கிறது, ஆனால் அதில் முகமே தெரியவில்லை. என்ன செய்வது?

செல்வி டீச்சர்:
தேர்தல் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன் தம்பி. வாக்காளர் அட்டைக்குப் பதிலாக ஏற்கும் ஆவணங்களின் பட்டியலிலேயே ரேஷன் கார்டு இல்லை. பூத் சிலிப் மட்டும் காட்டினால் 2019 முதல் செல்லாது. 2024 மக்களவைத் தேர்தலில் அட்டைக்குப் பதிலாக 12 ஆவணங்கள் ஏற்கப்பட்டன: ஆதார், பான், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ உள்ள வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக் இப்படி. பாஸ்புக்கைத் தேடுங்கள். அப்புறம், 85 தாண்டியவர்கள் 12டி படிவம் கொடுத்தால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம்.

மானாமதுரைக்காரன்:
பாஸ்புக் கிடைத்துவிட்டது, போட்டோவும் தெளிவு. வீட்டு ஓட்டெல்லாம் வேண்டாமாம். "பூத்துல போய் மை வச்சாத்தான் ஓட்டு" என்கிறார்.

ராஜா:
சரி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா? 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். தலைமைத் தேர்தல் ஆணையராக சேஷன் இருந்த காலத்தில், 1993இல், அட்டை வந்ததிலிருந்து எல்லாரும் அதையே பத்திரப்படுத்துகிறோம். எங்கள் தெருவில் ஓட்டுப் போட முடியாமல் பூத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் கையில் அட்டை இருந்தது, பட்டியலில் பெயர்தான் இல்லை. முகவரி மாற்றத்துக்கும் புது அட்டைக்கும் படிவம் 8 போதும்.