பிடிபி-1 இயந்திரத்திலேயே ஸ்பேஸ்வார் ஆடிய அனுபவம்

இரண்டு பேர் விண்கப்பல்களை ஓட்டி ஒருவரையொருவர் சுடும் பழைய கம்ப்யூட்டர் கேம் ஸ்பேஸ்வார். அதை எமுலேட்டரில், அதாவது பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளில், பல தடவை ஆடியவன்தான் நான். கலிஃபோர்னியா மவுன்டன் வியூவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் அந்த கேம் முதன்முதலில் ஓடிய கணினி வகையான பிடிபி-1 இன்னும் ஓடுகிறது, சில சனிக்கிழமைகளில் போட்டுக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோதும், 'அதே கேம்தானே' என்ற அலட்சியத்தோடுதான் போனேன்.

திரையைப் பார்த்ததும் அலட்சியம் போன இடம் தெரியவில்லை. வட்டமான பிக்சர் டியூப். புள்ளி விழுந்ததும் நீலமாகப் பளிச்சிடுகிறது. அடுத்த கணம் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறி மெல்ல மங்குகிறது. அதனால் கப்பல் போன தடமெல்லாம் கொஞ்ச நேரம் ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. என் லேப்டாப்பில் இது வெறும் வெள்ளைப் புள்ளிகள். இந்த மங்கலை வரவழைக்கும் எமுலேட்டர்களும் உண்டுதான், ஆனால் நேரில் பார்த்தபிறகு அது மனதுக்கு ஒட்டவில்லை.

ஒரு கப்பல் ஊசி மாதிரி, இன்னொன்று ஆப்பு மாதிரி. நடுவிலிருக்கும் நட்சத்திரம் இரண்டையும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. எரிபொருளும் அளவுதான். எனக்கு எதிரே ஆட நின்ற பையனுக்குச் சுடவே வேலை வரவில்லை, நானே போய் நட்சத்திரத்தில் விழுந்தேன். பின்னணியில் தெரிவது கற்பனை வானம் இல்லை. இந்த கேமை உருவாக்கிய நண்பர்களில் ஒருவரான பீட்டர் சாம்சன் உண்மையான நட்சத்திரங்களின் இடத்தையும் பிரகாசத்தையும் பார்த்துப் பார்த்து ஏற்றியது. பல வருடம் கழித்து இந்த இயந்திரத்தைப் பழுதுபார்த்து எழுப்பிய குழுவிலும் அவர் இருந்தார்!

1962-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் இதை எழுதியபோது காசு பார்க்க நினைக்கவில்லை. காகித நாடாவில் துளையாகப் பதிந்த நிரல் கைமாறிக் கைமாறிப் பரவியது. இயந்திரத்தைத் தயாரித்த டெக் நிறுவனமே, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்க இதைப் போட்டுப் பார்த்தது. பிடிபி-1 மொத்தமே ஐம்பது சொச்சம்தான் செய்தார்கள். அப்படியும் இந்த ஆட்டம் பிழைத்ததற்கு அந்தத் தாராளம்தான் காரணம் என்பேன். காகிதமும் கைகொடுத்தது. எண்பதுகளின் ஃப்ளாப்பிகளில் காந்தப் பதிவு மங்கிக்கொண்டிருக்கிறது, காகித நாடாவில் போட்ட ஓட்டையோ அப்படியே இருக்கிறது.

1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்பாதம் ஆசிலோஸ்கோப் (மின் அலைகளைக் காட்டும் கருவி) திரையில் செய்து காட்டிய டென்னிஸ் கேமுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. பார்வையாளர்கள் வரிசையில் நின்று ஆடினார்கள், அடுத்த வருடத்தோடு கழற்றிவிட்டார்கள். அது அனலாக் கணினி. ஒயர்களை இணைத்த விதம்தான் ஆட்டமே, நகலெடுத்து நாலு பேருக்குக் கொடுக்க நிரல் என்று ஒன்று கிடையாது. 1997-இல் அதே ஆய்வகத்தில் மறுபடி செய்தார்கள். இன்று நாம் பார்ப்பதெல்லாம் அந்த மாதிரி மறு உருவாக்கங்களைத்தான்.

மவுன்டன் வியூ பக்கம் போகிறவர்கள் டெமோ எப்போது என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள், இல்லாவிட்டால் அணைத்து வைத்த பெட்டியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆடக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் போங்கள். மாட்டிக்கொண்டால் கப்பலை மறையவைத்து வேறு இடத்தில் தோன்றவைக்கும் ஹைப்பர்ஸ்பேஸை மட்டும் நம்ப வேண்டாம், திரும்பி வரும்போதே கப்பல் வெடித்தாலும் வெடிக்கும்.