இடையில் எழாமல் லூசிட் ட்ரீமிங் பழக வழி உண்டா?

கனவு காணும்போதே அது கனவென்று உணரும் லூசிட் ட்ரீமிங்கைத் தை மாதம் முதல் பழகி வருகிறேன். இரவு பதினொரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுபவன். ஐந்து மணி நேரத் தூக்கத்துக்குப் பின் அலாரம் வைத்து எழுந்து மீண்டும் படுக்கும் முறை ஓரளவு பலித்தாலும், கனவுகள் மிகும் ரெம் உறக்கம் விடியலை ஒட்டியே நீள்கிறது. அந்த நேரத்தில் எழுந்தால் எனக்கு மறுபடி தூக்கம் பிடிப்பதில்லை, அலுவலகத்தில் கண் எரிகிறது.

கனவுக் குறிப்பேடு எழுதுகிறேன். இது கனவா நனவா என்று கண்டறியும் பழக்கம் கனவிலும் தொடரட்டும் என்று, மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு வருகிறதா என்று பகலில் சோதிக்கிறேன் (பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார்). அடுத்த கனவில் அது கனவென்று நினைவுகொள்வேன் என்று மனத்தில் சொல்லியபடியே உறங்கும், கனவு ஆய்வாளர் ஸ்டீபன் லாபெர்ஜ் வகுத்த மைல்ட் முறையையும் படுக்கும்போது செய்து பார்த்தேன். கனவுகள் நன்றாக நினைவில் நிற்கின்றன, அந்த உணர்வு மட்டும் வருவதில்லை. மாத்திரைகளில் எனக்கு விருப்பமில்லை.

இடையில் எழாமலே இதை எட்டியவர்கள், படுக்கும் முன் என்ன செய்கிறீர்கள்?