மூன்று மணிக்கு அளந்துவிட்டு ஆறு சுத்தம் என்றால் எப்படி?

தூண்டில்காரன்:
பத்தாஸ்வாசி நேற்று இங்கே ஒரு படம் போட்டிருந்தார். பினாங்கில் ஓடும் சுங்கை கெரே ஆற்றில், பாலத்தடியில் மீட்டரை விட்டாராம், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 9 மில்லிகிராம் காட்டியதாம். கம்போங் செலாமாட் பன்றிப்பண்ணைகளைக் குறை சொல்கிறவர்கள் இனி வாயை மூடலாமாம். படத்திலேயே மணி தெரிகிறது, மதியம் 3:05. முப்பது டிகிரி தண்ணீரில் இயல்பாகக் கரைவதே ஏறக்குறைய 7.5 தான். மிச்ச ஒன்றரை எங்கிருந்து வந்தது? பாசியிலிருந்து. வெயிலில் ஆக்சிஜனை விடும், இரவில் அதையே இழுத்துக்கொள்ளும். அந்தப் பாசிக்குத் தீனி பண்ணைக் கழிவில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும். காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன் போய் நில்லுங்கள். திலாப்பியா எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும்.

பத்தாஸ்வாசி:
சொந்தக் காசில் வாங்கிய மீட்டர் அண்ணே. 9 என்றால் 9. நீங்கள் அந்த ஆற்றில் தூண்டிலைத் தவிர வேறு எதை விட்டீர்கள்? போன வருடம் வெள்ளம் பற்றிப் பேசியபோதும் நான் சொன்னதையெல்லாம் தப்பு என்றீர்கள். கடைசியில் வடிகால் அடைப்புதான் காரணம் என்று ஆனது.

தூண்டில்காரன்:
வெள்ளக் கதை வேண்டாம். மூன்று மணிக்கு ஏன் அளந்தீர்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

லோரிக்காரர்:
தம்பிகளா, நான் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றிய ஆள், இருபது வருடம். அந்தக் காசில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். எது நாறினாலும் பண்ணை, எது செத்தாலும் பண்ணை. உங்கள் தாமான் குடியிருப்பில் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் எங்கே போகிறது? நேராக லோங்காங்கிற்கு, அதாவது சாக்கடைக்கு. லோங்காங் எங்கே போகிறது? ஆற்றுக்கு. சாப்பாட்டுக் கடை எண்ணெய் வேறு. ஜூரு ஆறு கெட்டதற்குப் பன்றி மட்டுமா காரணம்? அதை யாரும் அளக்க மாட்டீர்கள்.

ஆய்வகத்து அக்கா:
ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டுக் கழிவுநீர் நிலையத்துக்கு 2009 விதி இருக்கிறது. பிஓடி என்பது கழிவைச் சிதைக்கக் கிருமிகள் இழுக்கும் ஆக்சிஜன், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே என்றால் அது 20-க்குள், கீழே என்றால் 50-க்குள். நான் பதினொரு வருடம் இந்தச் சோதனைதான் செய்தேன். செம்பனை எண்ணெய் ஆலைக்கு 1977-லேயே விதி வந்தது. ஆலைக் கழிவு பச்சையாக வரும்போது பிஓடி 25,000 அளவில் இருக்கும். குளம் குளமாக விட்டு 100-க்குக் கொண்டுவருகிறார்கள். அதே குளத்தைப் பன்றிப்பண்ணையும் வெட்டலாம், மூடி போட்டு எரிவாயுவும் எடுக்கலாம்.
அப்புறம், பத்தாஸ்வாசி தம்பி, நம் நாட்டு நீர்த்தரக் குறியீட்டில் மொத்தம் 6 அளவுகள். ஆக்சிஜனுக்குத்தான் அதிக எடை, 0.22. அமோனியா நைட்ரஜனுக்கு 0.15 தான். தண்ணீரில் இயல்பாகக் கரையக்கூடிய ஆக்சிஜனில் 92 விழுக்காட்டைத் தொட்டாலே அந்தப் பகுதிக்கு முழு 100 புள்ளி. பாசி ஏற்றிவிட்ட ஆக்சிஜனுக்கும் அதே 100. ஈகோலி கிருமி அந்தக் கணக்கிலேயே கிடையாது.

தூண்டில்காரன்:
கேட்டீர்களா? மூன்று மணி! பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் மதியம் பிஎச்சும், அதாவது தண்ணீரின் காரத்தன்மையும் ஏறும். பிஎச் ஏறினால் அமோனியாவின் நச்சும் கூடும். உங்கள் மீட்டர் சந்தோஷமாக 9 காட்டும் நேரத்தில் மீனுக்கு மூச்சு எரிகிறது.

பத்தாஸ்வாசி:
அக்கா உங்கள் பக்கம் பேசியதும் குரல் ஏறுகிறது. சுத்தம் என்று நான் சொல்லவே இல்லை, பண்ணையைச் சும்மா திட்டாதீர்கள் என்றேன்.

தூண்டில்காரன்:
‘வாயை மூடலாம்’ என்று எழுதியது யார்? படத்தை அழிக்காதீர்கள், எடுத்து வைத்திருக்கிறேன். மணியும் தெரிகிறது.

சுங்கை மூடாக்காரன்:
கெரேயைப் பிடித்துத் தொங்குகிறீர்களே, பினாங்கு குடிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அது பக்கத்து மாநிலமான கெடாவில் பிறக்கிற ஆறு. அங்கே என்ன கலக்கிறது என்று யாராவது கேட்டீர்களா?

லோரிக்காரர்:
கெடாக்காரன் அந்தத் தண்ணீருக்குக் காசு கேட்கிறான், நீங்கள் மீனைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

சுங்கை மூடாக்காரன்:
கேட்டால் என்ன தப்பு? காட்டை வெட்டாமல் காப்பது நாங்கள், குடிப்பது நீங்கள்.

பத்தாஸ்வாசி:
ஓ, நீங்கள் கெடாவா? அதுதான்.

ஆய்வகத்து அக்கா:
மாநிலச் சண்டையை விடுங்கள். பண்ணைக் கழிவு ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி, ஒரே நாளில் காலையும் மதியமும் எடுங்கள். அமோனியா எந்த இடத்தில் ஏறுகிறது என்று தெரிந்தால் வீடா பண்ணையா என்ற சண்டை குறையும்.

லோரிக்காரர்:
தாமான் லோங்காங் வாயிலும் ஒரு மாதிரி எடுத்தால் நான் ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால் இல்லை.

தூண்டில்காரன்:
எடுப்போம் ஐயா. என் அப்பா அந்த ஆற்றில் இறால் பிடித்துக் குடும்பம் நடத்தினார். நான் இப்போது கை நனைத்தால் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். ஞாயிறு காலை ஆறரைக்குப் பாலத்தில் இருப்பேன். பத்தாஸ்வாசி மீட்டரோடு வரட்டும்.

பத்தாஸ்வாசி:
ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறது. மதியம் என்றால் வருகிறேன்.

தூண்டில்காரன்:
மதியம் எத்தனை மணிக்கு?